குடியை விட்டவரோடு விழித்திருப்பது யார்?

டிசம்பர் 31 இரவு பத்து மணிக்குமேல் மந்தைவெளி தூங்கப் போவதில்லை. செயின்ட் மேரீஸ் சாலையிலும் ஆர்.கே. மடம் சாலையிலும் புதுத்துணி உடுத்திய குடும்பங்கள் வேதாகமமும் கையுமாகப் போய்க்கொண்டிருக்கும். சிலர் சாந்தோம் பசிலிக்காவுக்கு, சிலர் லஸ் சர்ச்சுக்கு, சிலர் கதீட்ரல் சாலையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துக்கு, இன்னும் சிலர் மாடி வீடுகளில் இயங்கும் சிறிய ஜெப வீடுகளுக்கு. அதே நேரத்தில் காவலர்கள் சாலைத் தடுப்புகளை வைத்து, வண்டியில் வருகிறவர்களின் மூச்சைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். மது விற்பனை உச்சத்தைத் தொடும் நாட்களில் அதுவும் ஒன்று. ஒரே பேட்டையில், ஒரே இரவில், இரண்டு கூட்டம் தூங்காமல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. குடித்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டார், ஆராதனைக்கு வந்திருக்கிறார். ஜனவரி 2 மாலை ஏழு மணிக்கு அவர் எங்கே இருப்பார் என்பதைச் சபை கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

அந்த நள்ளிரவு ஆராதனை எப்படிப் பிறந்தது என்பதை நம் சபைகள் மறந்துவிட்டன. மொரேவியர்களிடம் முன்பே இருந்த வழக்கம் அது. ஜான் வெஸ்லி அதை 1740-களில் தம் மக்களிடையே நிலைநிறுத்தினார். பிரிஸ்டல் நகரத்தை அடுத்த கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை இரவென்றால் மதுக்கடை என்று வாழ்ந்து பழகியவர்கள். மனம் திரும்பிய பிறகு அந்த இரவை என்ன செய்வது? கூடிப் பாடியும் ஜெபித்தும் இரவின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். இதை நிறுத்திவிடும்படி வெஸ்லிக்குச் சிலர் புத்தி சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. மாதம் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமை இரவில் நடத்த ஏற்பாடு செய்தார். தொலைவிலிருந்து வருகிறவர்கள் வீடு திரும்ப நிலா வெளிச்சம் உதவும் என்பது அவர் கணக்கு. வெஸ்லியின் மிஷனரிகள் 1817-இல் சென்னைக்கு வந்து ராயப்பேட்டையில் வேரூன்றினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் சபையோடு மெதடிஸ்டுகளின் மரபும் அதில் சேர்ந்தது. நள்ளிரவு ஆராதனை தங்கிவிட்டது. அது யாருக்காகத் தொடங்கியதோ அவர்கள் நினைவிலிருந்து போய்விட்டார்கள். மாதம் ஒன்று என்பது ஆண்டுக்கு ஒன்று ஆகிவிட்டது.

தமிழ்க் கிறிஸ்தவம் குடியை விடுவதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறது. விட்ட பிறகு தெளிந்த மனதோடு நாட்களைக் கடப்பதைப் பற்றிப் பேசியது கொஞ்சம். அதை ஒருவருடைய தனிக் கடமையாகவே விட்டுவைத்தது. வேதமும் வரலாறும் மருத்துவமும் சொல்வது வேறு என்பது என் முடிவு. விழித்திருப்பது கூட்டாகச் செய்ய வேண்டிய வேலை.

வேதத்திலிருந்து தொடங்கலாம். பேதுருவின் முதல் நிருபத்தின் கடைசி அதிகாரமும், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபமும் தெளிந்த புத்தியையும் விழிப்பையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கின்றன. தெசலோனிக்கேயர் நிருபம் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 50-ஐச் சேர்ந்தது. அதில் உறக்கமும் வெறியும் இரவுக்கு உரியவை. விசுவாசி பகலுக்கு உரியவர். ஆனால் வேதத்தில் கானாவூர்க் கல்யாணமும் இருக்கிறது. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளும்படி தீமோத்தேயுவுக்குச் சொன்ன ஆலோசனையும் இருக்கிறது. ஒருபுறம் நசரேய விரதமும், எரேமியா புத்தகத்தில் வரும் ரேகாபியரின் தலைமுறை தலைமுறையான மதுவிலக்கும். மறுபுறம் குடிக்கிறவன் என்று இயேசுவின் மேலேயே சுமத்தப்பட்ட பழி. வேதம் மதுவை முழுவதும் தடுக்கிறது என்பவரும் அனுமதிக்கிறது என்பவரும் ஆளுக்குப் பாதியைப் படித்திருக்கிறார்கள். இந்தச் சண்டையில் பல ஆண்டுகளைச் செலவழித்த சபைகள், எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி வரும் ஒன்றைத் தவறவிட்டன. மனம் மங்கக்கூடாது. காவல் காக்க ஆள் வேண்டும்.

கெத்செமனே தோட்டத்தைப் பாருங்கள். சீஷர்கள் குடித்துவிட்டுத் தூங்கவில்லை. துக்கத்தினால் தூங்கினார்கள் என்று காரணம் சொல்கிறார் லூக்கா. மதுவிடுதலை பெற்றவர்களோடு பழகியவர்களுக்கு இது உடனே புரியும். திரும்பவும் குடிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் கொண்டாட்டத்தில் தொடங்குவதில்லை. துக்கம், களைப்பு, கோபம், தனிமை ஆகியவற்றில்தான் தொடங்குகிறார்கள். இயேசு அந்த இரவில் கேட்டதும் தம்மோடு ஒரு மணி நேரம் விழித்திருக்கும் துணையைத்தான். கடவுளின் மகனே தனியாக விழித்திருக்க விரும்பவில்லை என்றால், சீனிவாசபுரத்துக் கட்டடத் தொழிலாளி தனியாக விழித்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மத்தேயு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. குடிநோயைப் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் அதை அதிகம் கேட்க முடிவதில்லை. அசுத்த ஆவி ஒரு மனிதனை விட்டுப் போகிறது. அலைந்து திரும்பி வந்து பார்க்கும்போது வீடு பெருக்கி, ஜோடித்து, வெறுமையாக இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது; பின்னிலைமை முன்னிலைமையைவிட மோசமாகிறது. விரட்டுவது முதல் வேலை மட்டுமே. வெறுமையாக இருக்கும் வீட்டில் யாராவது குடியிருக்க வேண்டும்.

கிழக்குத் திருச்சபையின் பாலைவனத் துறவிகள் இந்த இரண்டாவது வேலையையே வாழ்நாள் படிப்பாக்கினார்கள். எகிப்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர்கள், எண்ணம் எப்படி வாசலுக்கு வருகிறது, எப்படிப் பேச்சுக் கொடுக்கிறது, எந்தக் கணத்தில் நாம் உடன்படுகிறோம் என்று படிப்படியாகக் கவனித்தார்கள். எண்ணங்களை மூத்த துறவி ஒருவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது அவர்களிடையே வழக்கம். நம் பக்கத்திலும் இந்தச் சிந்தனை புதிதல்ல. மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கும் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் தந்தார். அதற்கு வெகு முன்னாலேயே, 54-ஆம் அதிகாரமாகப் பொச்சாவாமையை வைத்தார். மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறந்துவிடும் சோர்வைப் பற்றியது அது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் கதையைத் தழுவியது. பனியனின் பயணி, மலைப்பாதையில் இளைப்பாறும் கொட்டகையில் தூங்கி, கையிலிருந்த சுருளைத் தவறவிடுகிறான். கடைசிக் கட்டத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மயக்க நிலத்தை அவனும் தோழனும் எப்படிக் கடக்கிறார்கள்? ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் கையாண்ட உபாயம்.

இப்போது நம் சபைகளின் நடைமுறைக்கு வருவோம். கத்தோலிக்கரிடம் தவக்காலம் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையார் அதை லெந்து நாட்கள் என்பார்கள். நாற்பது நாள் கறியும் குடியும் இல்லை என்று பொருத்தனை செய்யும் ஆண்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் அப்படியே. சபரிமலைக்கு மாலை போடும் பக்கத்து வீட்டு நண்பரும் அப்படியே. இந்த விரதங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு அந்த நாற்பது நாள் மூச்சுவிடும் காலம். பள்ளிக் கட்டணம் கட்டப்படும். அடி விழாது. பிரச்சினை ஈஸ்டர் மதியம் பிரியாணியோடு தொடங்குகிறது. "நாற்பது நாள் என்னால் இருக்க முடிஞ்சதே, அப்ப எனக்கு நோய் இல்லைதானே?" என்ற கேள்வியையும் விரதமே அவர் கையில் கொடுத்துவிடுகிறது. முடிவு தேதி குறிக்கப்பட்ட விரதத்தில், அந்தத் தேதிக்காகக் காத்திருக்கும் வேலையை மனம் செய்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மேட் டால்பட்டை நினைக்கிறேன். சிறுவயதிலிருந்தே குடித்தவர். 1884-இல், 28 வயதில் சத்தியப் பிரமாணம் செய்தார். முதலில் மூன்று மாதத்துக்குத்தான். பிறகு அதை நீட்டினார். பிறகு வாழ்நாளுக்கு என்று ஆக்கினார். வழியில் மதுக்கடை இழுத்துவிடுமோ என்று கையில் காசு வைத்துக்கொள்ளாமல் நடந்தார். வேலைக்குப் போகுமுன் தினமும் பூசைக்குப் போனார். 1925-இல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பத்தொரு ஆண்டுகள் குடிக்கவில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். நாற்பது நாள் விரதம் தவறில்லை. நாற்பத்தோராம் நாளுக்கு அவரிடம் ஒரு திட்டம் இருந்தது என்பதே வித்தியாசம்.

பெந்தெகொஸ்தே சபைகளின் பலம் வேறு. 1924 வாக்கில் கொழும்பில் தொடங்கி இன்று இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் முதல் தெருமுனை ஜெப வீடு வரை, மதுவைத் தொடாத வாழ்க்கை அங்கே விசுவாசத்தின் அடையாளம். உபவாச ஜெபம், காத்திருப்புக் கூட்டம், முழு இரவு ஜெபம் என்று வாரத்தில் பல நாள் கதவு திறந்திருக்கும். குடியிலிருந்து வருகிறவருக்கு இது பெரிய கொடை. பொழுது நிறைகிறது, புதிய சிநேகிதர்கள் கிடைக்கிறார்கள், யாரோ ஒருவர் அவரை "பிரதர்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார். நம் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் பல குடும்பங்களைத் தாங்கி நிறுத்தியது இந்தச் சபைகள்தான். இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

அவர்களின் பலவீனம் சாட்சியில் இருக்கிறது. "கர்த்தர் ஒரே நாளில் விடுதலை கொடுத்தார்" என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது சபை அல்லேலூயா சொல்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரே நாளில் விட்டு மறுபடி தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாட்சியைச் சொன்னவர் எட்டு மாதம் கழித்துத் தடுக்கி விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வார்? விழுந்தேன் என்று சொன்னால் கர்த்தர் தந்த விடுதலை பொய்யாகிவிடுமோ என்ற பயம். அதனால் மறைக்கிறார். மறைப்பதற்காகச் சபைக்கு வராமல் இருக்கிறார். வராமல் இருப்பதால் இன்னும் குடிக்கிறார். மருத்துவர்கள் குடிநோயைத் திரும்பத் திரும்ப வரும் நோய் என்பார்கள். விழுந்ததும் எழுந்து வந்து சொல்ல ஓர் இடம் இருந்தால், முதல் சறுக்கலோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு.

மருத்துவத்தின் பங்கை ஆயர்களும் பங்குத்தந்தையரும் போதகர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் உயிர் இருக்கிறது. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, தலைகால் புரியாத பேச்சு, உடம்பில் பூச்சி ஊர்வதாகவும் சுவரில் உருவங்கள் தெரிவதாகவும் அலறுவது எல்லாம் வரக்கூடும். சிகிச்சை இல்லையென்றால் சாவும் நேரலாம். இந்த அலறலைப் பிசாசின் வேலை என்று நினைத்து அறையில் பூட்டி வைத்து ஜெபிக்கும் வீடுகள் உண்டு. அந்த நேரத்தில் அவருக்குத் தேவை மருத்துவமனைப் படுக்கையும், நடுக்கத்தை அடக்கும் மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும். ஜெபத்தை மருத்துவமனை வராந்தாவில் செய்யலாம். கடவுள் அங்கேயும் கேட்பார். அடைத்து வைப்பதன் ஆபத்தை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. யாரையும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்தது. இது எந்த மதத்தின் விடுதிக்கும் பொருந்தும்.

இன்னொன்று. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மனைவியர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தெரியாமல் கொடுத்த மாத்திரையின் மேல் அவர் ஒரு குவார்ட்டரை இறக்கினால் உயிரே போகலாம். சம்மதத்தோடும் மருத்துவர் கண்காணிப்போடும் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

குடி பாவமா, நோயா என்ற பழைய வழக்கு இங்கே வந்து நிற்கும். 1784-இலேயே அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இதை நோயாகப் பார்த்து எழுதினார். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் இதை நோயாக ஏற்றது. என் கருத்தில் வழக்கே தேவையில்லை. சர்க்கரை நோயாளி இனிப்பைத் தவிர்க்கும் பொறுப்பை யாரும் அவரிடமிருந்து பறிப்பதில்லை; அதற்காக அவருக்கு இன்சுலினை மறுப்பதும் இல்லை.

இனி இந்தக் கேள்வியின் மிக வளமான பகுதிக்கு வருகிறேன். அது அமெரிக்காவில் தொடங்கி அடையாறில் வந்து முடிகிறது.

ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் குருவானவர் 1915-இலேயே இந்தியா வந்து சுற்றியவர். பின்னாளில் அவரைச் சுற்றி உருவான கூட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டு குழு என்றார்கள். தன்னை நேர்மையாகச் சோதிப்பது, பாவத்தை இன்னொருவரிடம் அறிக்கையிடுவது, தீங்கு செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது, தினமும் அமைதியில் கடவுளுக்குக் காத்திருப்பது ஆகியவை அவர்கள் பழக்கம். நியூயார்க்கில் இந்தக் குழுவுக்குத் தளமாக இருந்தது சாமுவேல் ஷூமேக்கர் என்ற எப்பிஸ்கோப்பல் குருவின் கால்வரி ஆலயம். அந்த வழியாகக் குடியை விட்ட ஒரு பழைய நண்பர், 1934 நவம்பரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரின் வீட்டுக்கு வந்தார். வில்சனும் அந்த டிசம்பரில் குடியை விட்டார்.

1935 மே மாதம். வியாபாரப் பேச்சு முறிந்து, ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் முகப்பில் வில்சன் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார். சிரிப்புச் சத்தம் வருகிறது. இன்னொரு பக்கம் தொலைபேசியும் நகரத்து ஆலயங்களின் பெயர்ப் பட்டியலும். குடித்துவிடுவோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அப்போது அவர் தன்னைக் காப்பாற்றச் சொல்லி யாரையும் தேடவில்லை. தான் பேசி உதவக்கூடிய இன்னொரு குடிநோயாளி இந்த ஊரில் இருக்கிறாரா என்று ஒரு குருவானவரைத் தொலைபேசியில் கேட்டார். அந்த அழைப்பிலிருந்து தொடர்ந்து, மறுநாள் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரின் முன் போய் உட்கார்ந்தார். பாப் இடையில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடியும் குடித்துவிட்டுத்தான் வந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. ஏ.ஏ. என்ற இரண்டு எழுத்தில் உலகம் அறிந்த அந்த இயக்கத்தின் பன்னிரண்டு படிகள் 1939-இல் அச்சேறின. ஒவ்வொருவரும் தான் அறிந்தபடியான கடவுள் என்று அதில் எழுதியபோது, கிறிஸ்தவ ஆலயத்துக்குள் பிறந்த முறை எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தது. பத்தாவது படி தினமும் தன்னைச் சோதிப்பது. பதினொன்றாவது ஜெபமும் தியானமும். பன்னிரண்டாவது இன்னொரு குடிநோயாளிக்குத் துணை போவது. மதுவைப் பற்றிய பேச்சு முதல் படியோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் விழிப்பைப் பற்றியது.

மின்னசோட்டாவில் 1949-இல் தொடங்கிய ஹேசல்டன் மையம் இந்தப் படிகளை மருத்துவத்தோடும் ஆலோசனையோடும் இணைத்தது. அங்கே பயிற்சிக்குப் போன இந்தியர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன். மந்தைவெளிக்குப் பக்கத்தில் ஓடும் டி.டி.கே. சாலைக்குப் பெயர் தந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் அவருடைய கணவர். வசதி, செல்வாக்கு, மருத்துவர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் முப்பதுகளிலேயே குடி அவரைக் கொண்டுபோனது. கணவர் பெயரில் 1980-இல் சாந்தி தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளைதான் அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக நிற்கிறது. உடலிலிருந்து நஞ்சை இறக்கும் சிகிச்சை, பிறகு வாரக்கணக்கில் ஆலோசனை, மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனிப் பயிற்சி, வீடு திரும்பிய பிறகும் தொடரும் கண்காணிப்பு என்று அதன் வேலை நீளுகிறது. கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தினார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1999-இல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருது. ஒரு கிறிஸ்தவக் குழுவின் அறிக்கையிடும் பழக்கம் பெயர் மாறி, கடல் கடந்து, ஓர் இந்துக் கைம்பெண்ணின் கையால் நம் வீட்டுக்கு அருகில் வந்து சேர்ந்திருக்கிறது. நம் சபைகள் அதைத் தங்கள் சொந்தச் சொத்தென்று அடையாளம் கண்டு வாங்கிக்கொள்ளவில்லையே என்பது என் வருத்தம். அந்நிய இயக்கம் என்று ஒதுக்கும் போதகரிடம், யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதை நினைவூட்ட வேண்டும்.

மதுவிலக்குச் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது அடிக்கடி எழுதப்பட்டது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பி, 1981-இல் மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக் உருவாகி, 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24 நிதியாண்டில் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள், பள்ளிக்கும் வழிபாட்டுத்தலத்துக்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரிக் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிய போராட்டத்தில் உயிர்விட்டார். சபைகள் கடைமூடலுக்காகப் போராடுவது நியாயம். ஆனால் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள மாநிலங்களைப் பாருங்கள். நாகாலாந்தில் பாப்டிஸ்ட் சபைகளின் வற்புறுத்தலால் 1989-இல் முழு மதுவிலக்குச் சட்டம் வந்தது. கள்ளச் சரக்கு நிற்கவில்லை. மிசோரமில் 1997-இல் வந்த விலக்கு 2015-இல் தளர்ந்து 2019-இல் திரும்பியது. கடை மூடினால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் குறையலாம். ஏற்கெனவே நோயில் இருப்பவருக்குச் சட்டம் மட்டும் துணைக்கு வராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாநிலத்தில் அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன.

சபைக்குள்ளேயே சரிசெய்ய வேண்டியவையும் உண்டு. நற்கருணைப் பாத்திரம் அதில் முதன்மை. குடியை விட்டவருக்கு ஒரு மடக்கு திராட்சை மது ஞாபகத்தை எழுப்பிவிடும். 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் புளிக்காத திராட்சைச் சாறு தயாரித்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். கத்தோலிக்கரில் அப்பத்தை மட்டும் பெற்றாலே நற்கருணை முழுமை. குடிநோயிலிருந்து மீண்ட குருக்கள் ஆயரின் அனுமதியோடு புளிக்காத சாற்றைப் பயன்படுத்த 2003-இல் ரோமிலிருந்து வழிகாட்டுதல் வந்தது. வழி இருக்கிறது. வெட்கப்படுத்தாமல் அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கேக்கோடு நீட்டப்படும் வீட்டு ஒயினும் மதுதான். வேண்டாம் என்கிறவரை "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள்.

குடும்பத்தாரை மறந்துவிட்டுப் பேசினால் இந்த ஆய்வு பாதியில் நிற்கும். புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, சிறுமியாக இருந்தபோது பாதாள அறையிலிருந்து மது எடுத்துவரும் சாக்கில் ருசி பார்த்துப் பழகியவர். வேலைக்காரப் பெண் ஒருத்தி முகத்துக்கு நேரே இடித்துச் சொன்னதால் விட்டார். பல ஆண்டுகள் மகனுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தவரும் அவர்தான். நம் ஊர் மோனிக்காக்களிடம் "நல்லா ஜெபம் பண்ணும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். குடியைத் தூண்டியது தன் குறையோ என்று அவர் உள்ளுக்குள் நொந்துகொண்டிருப்பார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கிய அல்-அனான், அந்தச் சுமையை இறக்கிவைக்கும் இடம். அடிவாங்கும் பெண்ணுக்குப் பொறுமையைப் போதிக்கும் முன், பாதுகாப்பான ஓர் இடத்தைக் காட்டுவது சபையின் கடமை.

தேவை எவ்வளவு பெரிது என்பதை, டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு காட்டியது. 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியரில் 14.6 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கல். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதிப் பேரை மருத்துவமனைகள் மட்டும் எட்டிவிட முடியாது. ஒவ்வொரு தெருவிலும் கிளை வைத்திருப்பது நாம்தான். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற அக்கம்பக்கக் குடும்பக் குழுக்கள் இருக்கின்றன. புனித வியாழன் இரவில் அன்பியத்துக்கு ஒரு மணி நேரம் என்று முறைபோட்டு ஆராதனையில் விழித்திருக்க அவர்களுக்குத் தெரியும். தென்னிந்தியத் திருச்சபையில் வீட்டு ஜெபக் கூட்டங்கள் இருக்கின்றன. பெந்தெகொஸ்தேயாரிடம் வாரம் முழுக்கத் திறந்த கதவு இருக்கிறது. முறைபோட்டு விழித்திருக்கத் தெரிந்தவர்கள், ஒரு மனிதருக்காகவும் அதைச் செய்யலாம்.

மந்தைவெளி, சாந்தோம், ராஜா அண்ணாமலைபுரம் பகுதிகளின் பங்குத்தந்தையரிடமும் ஆயர்களிடமும் போதகர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நம் ஆலயக் கதவோ வாரநாள் மாலைகளில் பெரும்பாலும் பூட்டியிருக்கிறது. மாலை ஆறிலிருந்து பத்து வரை ஓர் அறையைத் திறந்து வையுங்கள். தேநீர் கொடுங்கள். பிரசங்கம் வேண்டாம். ஏ.ஏ. கூட்டத்துக்கு இடம் கேட்டால் சாவியைக் கொடுங்கள். எந்த மதத்தவர் என்று கேட்காதீர்கள். வலிப்பும் நடுக்கமும் வந்தால் எந்த மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தெரிந்த இரண்டு பேரையாவது சபையில் தயார் செய்யுங்கள். விழுந்து எழுந்து வருகிறவரிடம் காரணம் விசாரிக்கும் முன் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். சபை அறிவிப்புப் பலகையில் ஞாயிறு ஆராதனை நேரத்துக்குக் கீழே 14446 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். மது, போதையிலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் அது; அழைக்கக் கட்டணம் இல்லை.